லண்டனில் விசாரிக்கப்பட்ட எழுத்தாளர்

அக்காவுக்கு லண்டன் மாப்பிள்ளை பேசியபோது அம்மாவின் ஊரை விசாரித்தார்கள், அப்பாவின் பகுதியை விசாரித்தார்கள், அப்பாவின் தமக்கை எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டார் என்றும் விசாரித்தார்கள். அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை, நாங்களும் அவர்களை அப்படித்தான் குடைந்தோம். ஆனால் செத்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட ஒரு வெள்ளைக்காரரையும் சேர்த்து விசாரிப்பார்கள் என்று ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் எங்கள் வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை.

அவர் விக்டோரியா மகாராணி காலத்து நாவலாசிரியர். அக்கா அப்போது ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் மாஸ்டர் படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வு அவரைப் பற்றியது. தேவாலயப் பக்கமே போகாத மனிதர். ஒரு பெண்ணோடு கல்யாணம் கட்டாமலே கடைசிவரை குடும்பம் நடத்திப் பிள்ளைகளும் பெற்றவர். மனம் ஒத்துவராத இருவரைச் சட்டத்தால் கட்டிவைப்பது பாவம் என்று கதையிலும் எழுதினார், மேடையிலும் பேசினார். பாதிரிமார் பிரசங்கத்தில் அவரைத் திட்டினார்கள். வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் நூலகங்கள் அவருடைய நாவல்களை வாங்க மறுத்தன. நல்ல குடும்பம் என்று சொல்லிக்கொண்டவர்கள் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அக்கா இரவுச் சாப்பாட்டில் புட்டைப் பிசைந்தபடி எங்களுக்குச் சொல்லுவாள். அப்பா பாவம் மனுசன் என்பார். அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களா என்பதுதான் அம்மாவின் கவலை.

ஊரே திட்டிய மனிதரோடு அக்காவுக்கும் ஒரு கோபம் இருந்தது. அது வேறு கோபம். அவருடைய கடைசி நாவலில் சேர்ந்து வாழும் இருவருக்குக் கல்யாணம் செய்துவைத்தால்தான் அச்சிடுவேன் என்று பதிப்பாளர் சொல்லியிருக்கிறார். இவரும் வளைந்துகொடுத்துக் கடைசி அத்தியாயத்தில் மணி அடித்துக் கல்யாணத்தை நடத்திவிட்டார். புத்தகம் நன்றாக விற்றது. அதன் பிறகு அவர் உருப்படியாக ஒன்றும் எழுதவில்லை. அதே தெருவில் இன்னொரு பதிப்பாளர் ஒரு சொல்லும் மாற்றாமல் போடக் காத்திருந்தாராம். இந்த இடம் வந்தால் அக்காவுக்குக் குரல் ஏறிவிடும். ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாமே என்பாள், ஏதோ சொந்த மாமனைக் கடிந்துகொள்வது போல. அவளுடைய ஆய்வே அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பற்றித்தான்.

அந்த நேரத்தில்தான் சம்பந்தம் வந்தது. லண்டனில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, கொண்டுவந்தது. சாதகம் பொருந்தியது, படமும் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி அக்கா அவரோடு கதைப்பாள். அம்மா அதே அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருப்பார். மடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் மடித்ததையே உதறி மடிப்பார். அக்கா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு இவர்தான் வேண்டும் என்று என்னிடம் வெட்கமில்லாமல் சொன்னாள். அந்த வயதில் எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

காரியத்தைக் கெடுத்தது அம்மாவின் பெருமை. பிள்ளை என்ன படிக்கிறாள் என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டிருக்கிறார். ஆங்கிலம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அம்மாவோ, மகாராணி காலத்துப் பெரிய எழுத்தாளரை ஆராய்கிறாள் என்று பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அங்கே ஒரு மருமகன் இணையத்தில் தேடியிருக்கிறான். மாமா தொலைபேசியில் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம்.

"உந்த ஆள் குடும்பம் நடத்தின விதம் சரியில்லையாம், அக்கா. உப்பிடியான ஆளைத் தேடிப் பிடிச்சுப் படிக்கிற பிள்ளை எப்பிடியிருக்கும் எண்டு கேக்கினம்."

சாதகம் மட்டும் கிடைத்திருந்தால் அந்த மனிதரின் செவ்வாய்தோசத்தையும் பார்த்திருப்பார்கள். நான் சிரித்தேன். அம்மா முறைத்தார். ஆங்கிலத்தில் எழுத்தாளருக்கா பஞ்சம், ஒழுங்காகக் குடும்பம் நடத்திய ஒருவரை எடுத்துப் படித்தால் என்ன என்பது அம்மாவின் யோசனை. அப்பா செய்தியின் சத்தத்தைக் கூட்டினார்.

அக்காவை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளே இரண்டு நாள் யோசித்து, அவளே அந்த எழுத்தாளரை விட்டாள். இது மாப்பிள்ளையின் விருப்பமும்தான் என்று அவள் நினைத்தாள். எங்களில் இந்தப் பேச்செல்லாம் தாய்க்கும் தாய்க்கும் நடுவில் நடப்பது, மாப்பிள்ளைக்கு நாளும் மண்டபமும்தான் தெரியவரும். அடுத்த ஞாயிறும் அவர் அழைத்தார். அவருடைய தாயைப் பற்றி அவரிடமே குறை சொல்வதா என்று அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வழிகாட்டிய நோர்வேஜியப் பேராசிரியைக்கும் அவள் உண்மையைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த ஆண்டுகளில் பத்திரிகையைத் திறந்தால் வெளிநாட்டுப் பிள்ளைகளின் கட்டாயக் கல்யாணம்தான். கல்யாணம் என்று வாயெடுத்தால் அந்த நல்ல மனுசி அரசாங்க அலுவலகத்துக்கெல்லாம் தொலைபேசி எடுத்திருப்பார். அக்காவுக்கோ அந்தக் கல்யாணம் வேண்டும். அதனால் அந்த எழுத்தாளர் அலுத்துவிட்டார் என்று சொன்னாள். பேராசிரியை நம்பிவிட்டார். அவருடைய முகம் விழுந்துபோனது என்று அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். பள்ளிகளில் ஆங்கில உச்சரிப்பைக் கற்பிப்பது பற்றி ஏதோ எழுதிப் பட்டம் வாங்கினாள். அதில் ஒரு பக்கம்கூட எனக்கு ஞாபகமில்லை. பக்கத்து நகரமான திராமனில் மண்டபம் எடுத்துக் கல்யாணத்தைச் சிறப்பாகச் செய்தோம்.

அத்தான் தங்கமான மனிதர். அதனால்தான் நெஞ்சு இன்னும் கூட வலிக்கிறது. சில வருடங்கள் கழித்து ஒரு கோடை விடுமுறைக்கு அவர்கள் ஒஸ்லோ வந்திருந்தார்கள். பின்னேரம் அம்மா வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். அத்தான் அக்காவின் பழைய அலமாரியைக் கிளறிக்கொண்டிருந்தவர், பென்சில் கோடுகள் நிறைந்த அந்த நாவல்களோடு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது எல்லாம் நானும் வாசிச்சனான். நீர் இவரைத்தான் படிக்கிறீர் எண்டு கேள்விப்பட்ட உடனை லைப்ரரியிலை எடுத்தனான், ஞாயிற்றுக்கிழமையிலை உம்மோடை கதைக்க ஒரு விசயம் வேணுமெல்லே. பிறகு நீர் விட்டிட்டீர். அலுத்துப்போச்சாக்கும் எண்டு நானும் கேக்கேல்லை."

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அக்கா எழுதாமல் விட்ட அத்தனை பக்கங்களையும் யாரிடம் போய்க் கேட்பது? மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளையைத் தவிர எல்லோரையும் விசாரித்திருந்தோம்.

அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி நாவலைக் கையில் எடுத்தார்.

"எல்லாம் நல்ல புத்தகம். இதின்ரை முடிவுதான் எனக்குப் பிடிக்கேல்லை. தேவையில்லாமல் கலியாணத்தைக் கட்டி வைச்சு, ஏன் உப்பிடிக் கெடுத்தவர்?"

அக்கா அந்தப் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள்.

"மாத்தாட்டி புத்தகம் வராது எண்டு சொல்லிப்போட்டினம்," என்றாள். "அவரும் ஒருத்தரையும் கேக்காமல் நம்பிப்போட்டார்."

அத்தான் தலையாட்டிவிட்டு ஒரு வடையை எடுத்தார்.