புளியில் கழுவிய கோதுகள்

வியாழக்கிழமை பின்னேரங்களில் நான் பிஸ்டல் சுடப் போவது எங்கள் சனத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். டென்மார்க்கில் நான் இருக்கும் ஸ்கீவ என்ற சின்ன ஊரில் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. ஒரு பிறந்தநாள் விழாவில் ஒருவர் காதில் விழுந்தால் போதும், கேக் வெட்டுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"சனம் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தது. இந்த மனுசன் காசு குடுத்துச் சுடப் போகுது," என்று மனைவி போனில் சிரிப்பாள். அவள் கோப்பன்ஹேகனில் மகளோடு இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்க மூன்று மாதம் என்று போனவள். பிள்ளை இப்போது ஓடித் திரிகிறது.

தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் ஒருவர் ஒருநாள் சுடும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான் தொடக்கம். அவர் பிறகு வரவில்லை, நான் தொடர்ந்து போனேன். சுடும் இடத்தில் எல்லோரும் காதுமூடி போட்டிருப்பார்கள். அங்கே பேசாமல் நிற்கிறவனை யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை. எனக்கு அது பிடித்தது. அதோடு சுட்டு முடிய எல்லோரும் ஒரு மேசையில் இருந்து கோப்பி குடிப்போம். வேலையிடத்தை விட்டால் நான் மனிதரோடு இருப்பது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

என் பக்கத்து இடத்தில் சுடுகிறவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனதுக்குள் அவரைப் பஸ்காரர் என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வருடமாகப் பக்கத்தில் நிற்கிறோம். நாங்கள் கதைப்பது டேனிஷில். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன்.

கடையில் வாங்கும் தோட்டாவைச் சுட்டுக்கொண்டிருந்தால் என் சம்பளத்துக்குக் கட்டாது. சுட்ட பிறகு நிலத்தில் விழும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, வீட்டில் திரும்ப நிரப்பலாம் என்று சொன்னவர் பஸ்காரர்தான். அதற்கான அனுமதி எடுத்து, தோட்டாவை அழுத்தி நிரப்பும் பழைய பிரஸ் ஒன்றை வாங்கிச் சலவை மெஷினுக்குப் பக்கத்து மேசையில் பூட்டினேன். கோதின் அடியில் பொறி தட்டும் சின்ன மூடிக்குப் பிரைமர் என்று பெயர். அதைப் பெரிய பெட்டியாக வாங்கினால் மலிவு. ஆகவே நானும் அவரும் ஒரு பெட்டியை வாங்கிப் பாதி பாதியாக எடுத்துக்கொள்வோம். எனக்கு அந்தப் பாதிப் பெட்டி பெரிய விஷயமாக இருந்தது. வேறொருவரோடு நான் பங்கு போடுவது அது ஒன்றுதான்.

கோதுகளை மினுக்க மற்றவர்கள் மெஷின் வைத்திருந்தார்கள். நான் புளியைக் கரைத்து ஊற வைத்தேன். குத்துவிளக்கு மினுக்கும் புளி கோதை மினுக்காதா? மினுக்கியது. பஸ்காரர் என் கோதொன்றை வெளிச்சத்தில் பிடித்து, "நீ இதைச் சுடப் போறியா, காதிலை போடப் போறியா?" என்று கேட்டார். புளி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சிரித்துச் சமாளித்தேன்.

மனைவிக்குத் தெரியும். "இஞ்சேரப்பா, தனி ஆளுக்கு மாசம் ரெண்டு கட்டிப் புளியோ? ரசக்கடை போட்டிருக்கிறியளோ?"

கழுவிய கோதுகளைச் சலவை மெஷின் அறை ஹீட்டருக்கு மேலே துணி விரித்து இரண்டு நாள் காய விடுவது என் பழக்கம். போன இலையுதிர் காலத்தில், ஒரு ஆளுக்கு எதற்கென்று படுக்கை அறையைத் தவிர மற்ற அறைகளின் ஹீட்டரை எல்லாம் நிற்பாட்டியிருந்தேன். கோதுகளைப் பழைய இடத்திலேயே, சூடில்லாத ஹீட்டருக்கு மேலே, ஒரு நாள் மட்டும் வைத்தேன். வெளியே காய்ந்துதான் இருந்தன. வெடிமருந்து போட்டு நிரப்பினேன்.

அந்த வியாழக்கிழமை நாலாவது தோட்டாவைச் சுட்டபோது வெடிச் சத்தம் வரவில்லை. நனைந்த சீனவெடி மாதிரி ஒரு 'புஸ்'. நான் ஏதோ என்று எண்ணி, கையால் அடுத்ததை ஏற்றிவிட்டுத் திரும்பக் குறி பார்த்தேன்.

"நிப்பாட்டு!"

பஸ்காரர் கத்திய சத்தம் காதுமூடிக்குள்ளாலும் கேட்டது. மற்றவர்களும் சுடுவதை நிறுத்தினார்கள். கழகப் பொறுப்பாளர் வந்து பிஸ்டலை வாங்கி, மேசையில் வைத்துக் கழற்றினார். தோட்டாவின் முனையிலிருந்த ஈயச் சன்னம் வெளியே போகாமல் பிஸ்டல் குழாயின் நடுவில் சிக்கி நின்றது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் என் கையிலேயே வெடித்திருக்கும்.

"என்ன நடந்தது?" என்று பொறுப்பாளர் கேட்டார். எட்டுப் பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முகம் கொதித்தது.

"பிரைமர் பிழை போல," என்றேன்.

அப்படி ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நான் செய்யாத பொருள் அது, அதனால் வாயில் வந்திருக்க வேண்டும்.

பஸ்காரர் கழற்றிய பிஸ்டலைக் குனிந்து பார்த்தார். "அப்ப என்ரையும் பிழைதான்," என்றார். அவருடைய பாதிப் பெட்டி முழுவதையும் அவர் கழகப் போட்டிக்காக ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார். போட்டிக்கு இரண்டு கிழமை இருந்தது. பிரைமர் பிழையென்றால் அத்தனையையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மிச்சத் தோட்டாக்களில் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். மருந்து கொட்டவில்லை. மஞ்சள் பிடித்து, கோதின் அடியில் ஒட்டிக் கிடந்தது. விரலில் ஈரம் தெரிந்தது. பிரைமரில் ஒரு பிழையும் இல்லை.

உடனே பஸ்காரருக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அடுத்த வியாழன் கழகத்துக்கும் போகவில்லை. வேலை முடிந்து வந்து, சோற்றை மைக்ரோவேவில் சூடாக்கி, நின்றபடியே சாப்பிட்டேன். இப்போது மேசையில் கோப்பி ஊற்றுவார்கள், இப்போது கோப்பைகளை அடுக்குவார்கள் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து ஒருவரும் எனக்குப் போன் எடுக்கவில்லை. மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தாளுக்குச் சொன்னியளோ?"

"இல்லை."

"அப்ப அந்தாள் நல்ல சாமானை எல்லோ உடைச்சுக்கொண்டிருக்கும்! போய்ச் சொல்லுங்கோவன். உங்கட வெட்கத்துக்கு ஆரோ ஒராள் கஷ்டப்படோணுமோ?"

சனிக்கிழமை பகல் அவர் வீட்டுக்குப் போனேன். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. விலாசத்தைக்கூடத் தேடித்தான் பிடித்தேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே 'டொக், டொக்' என்று சத்தம். தோட்டாவை உள்ளே பூட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் சுத்தியலை அவர் மரக்குற்றியில் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு சன்னத்தை வெளியே எடுக்க மூன்று நான்கு அடி அடிக்க வேண்டும். நடுவே சுத்தியலை வைத்துவிட்டு, வலது கை விரல்களை இடது கையால் உருவிவிட்டார். பக்கத்தில் இருந்த இரண்டு தகரப் பேணிகளில் ஒன்று கழற்றிய சன்னங்களால் அரைவாசிக்கு மேல் நிரம்பியிருந்தது.

நான் வீட்டில் உடைத்த தோட்டாவின் கோதை அவர் முன்னால் வைத்தேன். வரும் வழியில் காரில் பாடமாக்கிய டேனிஷ் எல்லாம் போய்விட்டது. "பிரைமர் நல்லது. என்ர கோது காயேல்லை. ரெண்டு நாள் காய விடுறதை ஒரு நாளிலை எடுத்திட்டன். நான் புளியிலை கழுவினனான். எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றேன்.

கோதுக்குள் பார்த்தார். பிறகு மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"அண்டைக்கே எண்டால்?"

"வீட்டை போன உடனை."

"ஒன்பது நாள்," என்றார். பேணியைப் பார்த்தார். "நான் முன்னூறு உடைச்சிட்டன்."

உடைத்ததைத் திரும்ப நிரப்ப உதவி செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கோப்பி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. நான் கராஜ் கதவை முன்பு இருந்த மாதிரிப் பாதி மூடிவிட்டு வந்தேன்.

அதன் பிறகும் வியாழக்கிழமைகளில் போனேன். பொறுப்பாளரிடமும் உண்மையைச் சொன்னேன். கடைத் தோட்டா இருபது சுடுவேன், அதற்கு மேல் கட்டாது. பஸ்காரர் நாலு இடம் தள்ளி நின்று சுட்டார். போட்டியில் அவர் சுட்டாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மேசையில் கோப்பிப் போத்தலைக் கை மாற்றும்போது என் பக்கம் பார்க்காமலே நீட்டுவார். இருபது சுட்டதும் போய்விடலாம். இருந்தாலும் கோப்பி முடியும்வரை இருப்பேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் காதுமூடியைக் கழற்றித் திரும்பினால், என் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. உள்ளே கறுத்துப்போன கோதுகள், ஒரு இருநூறு இருக்கும். பஸ்காரர் ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் புளிச் சாமான்," என்றார். "மெஷினிலை இந்த மினுக்கம் வராது."

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"ரெண்டு நாள் இல்லை. நாலு நாள் காய விடு."

அன்று சலவை மெஷின் அறை ஹீட்டரைக் கடைசிவரை திருகினேன். முதலில் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல மெல்ல இரும்பு சுட்டது. புளியை ஊறப் போட்டுவிட்டு, துணியை விரித்து வைத்தேன்.