அம்மாவும் நாத்தனாரும் வந்திருந்தபோது

அம்மை போட்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தெருவில் என்னிடம் வந்துதான் கேட்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் உண்மை. அப்படிப்பட்ட நானே என் வாயால் மாட்டிக்கொண்ட கதை இது.

பங்குனி மாதம். செஞ்சியில் அந்த மாதம் மலை மூன்றும் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் நம் மேல் திருப்பிக் கொட்டும். என் மருமகள் பக்கத்தில் இருக்கும் வல்லத்தில் பள்ளிக்கூட டீச்சர். ரெண்டு நாள் காய்ச்சலாகக் கிடந்தவளுக்கு அன்று காலை முகத்தில் முத்து முத்தாகப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தோம். மாத்திரை ஒரு பக்கம், வேப்பிலை ஒரு பக்கம். ரெண்டுக்கும் சண்டை கிடையாது.

அன்றைக்கென்று பார்த்து என் நாத்தனார் வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்காக அனந்தபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர், சாயந்திர பஸ்ஸில் திரும்ப வேண்டியவர்.

நான் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு உள்ளே வந்தால், என் மகன் பையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறவன்.

"கொஞ்ச நாளு ஃபிரெண்டு ரூம்ல இருந்துக்கறேம்மா."

அம்மை போட்டால் மாரியம்மாவே வீட்டுக்கு வந்திருப்பதாகக் கணக்கு. அம்மா இருக்கும் வீட்டில் கறி கிடையாது, தாளிப்பு கிடையாது. இவனுக்கு பிரியாணி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது. எனக்குத் தெரியாதா?

"அம்மா வந்தப்ப இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சவங்ககூட மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் வேற எடத்துல போய்ப் படுக்கக் கூடாது" என்றேன்.

அம்மை இறங்க இறங்க, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை மூன்று தடவை தலைக்கு ஊற்றுவோம். மூன்றாவது ஊற்றிவிட்டால் அம்மா போய்விட்டதாகக் கணக்கு. நான் சொன்ன சட்டத்தில் பாதி எங்கள் ஊர் வழக்கம். மீதிப் பாதி அவனுக்காக அந்த நேரத்தில் வாயில் வந்தது.

சொல்லிவிட்டுத் திரும்பினால், நாத்தனார் கையில் தண்ணீர் டம்ளர். பாதி குடித்திருந்தார். டம்ளரை வைத்தார். தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றார்.

நான் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் தடவிக்கொடுக்க வேண்டியிருந்ததால் சமையல்கட்டு அவர் கைக்குப் போனது. நாற்பது வருஷமாக நான் ஒருத்தி மட்டும் ஆண்ட இடம்.

மருமகளுக்கு அரிப்பு. பேசிக்கொண்டிருந்தால் கை சொறியப் போகாது என்று பேச்சுக் கொடுத்தேன்.

"இது வைரஸ் அத்தை" என்றாள். "அதுக்கு உயிர் இருக்குதுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

"பரீட்சையில பசங்க இப்பிடி எழுதினா மார்க் போடுவியா?"

"நெஜமாத்தான். அதுக்கு வாயி இல்ல, வயிறு இல்ல, மூச்சு இல்ல. வெளியில கெடந்தா சும்மா தூசி மாதிரி."

"வெதைக்கடலை மாதிரி சொல்லு. கோணியில கெடந்தா கல்லு. மண்ணுல போட்டா மொளைக்கும்."

"கடலை தனக்கு வேண்டிய சாப்பாட்ட தானே வெச்சிருக்குது அத்தை. இது கையை வீசிக்கினு வரும். நம்ம உடம்புக்குள்ள நொழைஞ்சதும் நம்ம சாமானையே எடுத்து, நம்மளையே வேலை வாங்கி, தன்ன மாதிரியே ஆயிரம் செஞ்சுக்கும்."

அப்போது சமையல்கட்டில் ஜாடி நகர்கிற சத்தம் கேட்டது.

"ஏம்மா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத" என்று நாத்தனார் குரல். "உப்பு ஜாடியை யாராவது கீழ வெப்பாங்களா? மேல் பலகைல வெச்சிட்டேன்."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சிரித்தால் கொப்புளம் வலிக்கும் என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு எனக்குப் பாடம் தானாகவே புரிய ஆரம்பித்தது. அனந்தபுரத்தில் அவர் வீட்டில் ரெண்டு மருமகள்கள். அங்கே டிவிக்கு முன்னால் ஒரு நாற்காலி, அதில் அவர். பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், மூட்டை வைத்த மாதிரி இருந்தார். கேட்டால்தான் பதில். அதே மனுஷி என் வீட்டில் விடியுமுன் எழுந்து கேழ்வரகுக் கூழ் கிண்டினார், அரிசி டப்பாவை மாற்றினார், துணி காயப்போடும் கொடியைக்கூட அவிழ்த்து வேறு பக்கம் கட்டினார்.

அது போகட்டும். அவரைப் போலவே ஆள் பெருக ஆரம்பித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பாட்டைப் பற்றி வாய் திறக்காத மனுஷர். ஒருநாள் நான் கரைத்த கூழைக் குடித்துவிட்டு, "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. அக்கா கரைச்சது இன்னும் கொஞ்சம் திக்கா இருந்துது" என்றார். மறுநாள் என் மகன், "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதம்மா" என்று ஆரம்பித்தான். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவன் முடிக்கவில்லை.

மருமகளிடம் போய், "இதுக்கு மருந்து இருக்குதா?" என்றேன்.

"எதுக்கு அத்தை?" என்று தெரியாதவள்போல் கேட்டாள்.

முதல் தண்ணீர் ஊற்றினோம். ரெண்டாவதும் ஆனது. மூன்றாவதைச் சீக்கிரம் ஊற்றிவிடலாமா என்று நானே ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அவசரப்பட்டா அம்மாவுக்குக் கோவம் வரும்" என்றார் நாத்தனார். "நீதானேம்மா பத்துப் பேருக்குச் சொல்றவ."

வேப்பங்கொத்தை எடுத்துக்கொண்டு மருமகள் பக்கம் போனேன்.

ஒருவழியாக மூன்றாம் தண்ணீரும் ஊற்றி, மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் கொடுத்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டு போய் விட்டேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பையை மடியில் வைத்து வாயை மூடிக்கொண்டார். வண்டி நகர்வதற்குள் பழையபடி அந்த நாற்காலி மூட்டையாகிவிட்டார். எனக்கு என்னமோ போல் இருந்தது.

வீட்டுக்கு வந்த வேகத்தில் ஜாடி, டப்பா எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு கடுகு தாளித்தேன். வாசனை தெருவரைக்கும் போயிருக்கும். குழம்புக்கு உப்புப் போடக் கை நீட்டினேன். கை மேல் பலகைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் அங்கேதான் போனது.

மருமகள் பார்த்துவிட்டாள். "இந்த அம்மை முழுசாப் போவாது அத்தை" என்றாள். "நரம்புக்குள்ளயே படுத்துக்கும். வயசான காலத்துல சில பேருக்கு அக்கியா எழுந்து வரும்."

"அப்ப உயிர் இருக்குது."

"அப்பிடியும் சொல்ல முடியாது அத்தை."

"நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

உப்பு ஜாடி இப்போது மேல் பலகையில்தான் இருக்கிறது. குனிய வேண்டாமே என்று வைத்திருக்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது நாத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். அதுவும் கூழ் கரைக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான்.