சித்தி வளர்த்த செல்கள்

என் சித்தி செல் ஆராய்ச்சியாளர். உடம்பிலிருந்து எடுத்த செல்களைக் குடுவையில் உயிரோடு வளர்ப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்துக்குப் போய்விடுவார்.

"எனக்குப் பசிச்சா அடுப்பக் காட்டுவா. அதுங்களுக்குப் பசிச்சா பஸ் பிடிச்சு ஓடுவா" என்பார் சித்தப்பா.

காயம்பட்ட சிறுநீரகச் செல்கள் நகர்ந்து வந்து இடைவெளியை எப்படி அடைக்கின்றன என்று இளம் வயதில் ஒரு கட்டுரை எழுதினார். அதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அந்தச் செல்களைப் பனிப்பெட்டியில் அனுப்பிவைத்தார். அவருடைய முதல் மாணவர் அவற்றை வைத்தே ஆராய்ச்சி செய்து பேராசிரியரானார்.

சமீபத்தில் சித்தி அனுப்பிய புதுக் கட்டுரையை வெளியிடும் முன் ஓர் ஆய்விதழ், அந்தச் செல்களின் டிஎன்ஏவைச் சோதித்து அனுப்பச் சொன்னது. முடிவு வந்தது. அவை சிறுநீரகச் செல்களே அல்ல, ஈரல் புற்றுநோய்ச் செல்கள். உறையவைத்திருந்த மிகப் பழைய குப்பியையும் சோதித்தார். அதுவும் அப்படியே.

அந்தக் காலத்தில் அதே ஆய்வகத்தில் ஈரல் புற்றுநோய்ச் செல்களையும் வளர்த்தார்; இரண்டு வகைக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊட்டத் திரவம் எடுத்திருக்கிறார். திரவம் உறிஞ்சும் குழாயின் முனையில் ஒட்டிய ஒரு புற்றுச் செல் போதும். அது வேகமாகப் பெருகி மற்றதை இல்லாமல் செய்துவிடும்.

"ரிடையர் ஆகப் போற. பேசாம இரேன்" என்றார் சித்தப்பா.

"இப்பவும் எவளோ ஒருத்தி இத வெச்சு ராத்திரி பகலா உழைச்சுட்டு இருப்பா. கட்டுரைய வாபஸ் வாங்கப் போறேன்."

முதலில் அந்த மாணவருக்குத்தான் போன் செய்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அப்பவே நீ கேட்ட, டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமான்னு" என்றார்.

"ஞாபகம் இருக்கு மேடம். 'பெத்த புள்ளைய அடையாளம் பாக்க டெஸ்ட்டா'ன்னு சிரிச்சீங்க."

சித்தி தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாணவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"ரெண்டு நாள் குடுங்க மேடம். என் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

இரண்டு நாள் கழித்து, பழைய கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்குச் சித்தி கடிதம் எழுதினார். 'என் மாணவர் அன்றே சந்தேகப்பட்டார். நான் காது கொடுக்கவில்லை' என்று அதில் சேர்த்தார்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "அத எழுதச் சொல்லி யார் கேட்டா?"

"யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டுச் சித்தி அனுப்பினார்.