ஏழாவது கிலோமீட்டர் கிராசிங்

1. பாலைவனத்தில் ஹைட்ரோ

மலைக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, அங்கே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கப்போகிறார்கள் என்று நான் சொன்னதும் துபாய் சத்வாவில் என்னோடு ரூமில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். குடிக்கிற தண்ணீரையே கடலிலிருந்து காய்ச்சி எடுக்கும் நாட்டில் ஹைட்ரோவா என்று கேட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் நான் சர்வேயர். அளக்கச் சொன்னால் அளப்பவன். அதற்கு முன்பு நீலகிரியில் ஒரு நீர்மின் திட்டத்தில் குழாய்ப் பாதைக்கு அளவெடுத்திருந்தேன். கம்பெனியில் அந்த அனுபவம் உள்ள சர்வேயர் நான் ஒருவன்தான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ராஸ் அல் கைமாவுக்கு வடக்கே, ஓமன் எல்லையை ஒட்டிய மலைகள். புல் பூண்டு இல்லாத சாம்பல் நிறப் பாறை. திட்டம் இதுதான்: மலையடிவாரத்தில் ஓர் அணை, உச்சியில் ஒரு நீர்த்தேக்கம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொள்வது, தேவைப்படும் நேரத்தில் குழாய் வழியாகக் கீழே இறக்கி டர்பைனைச் சுற்றுவது. முதலில் உச்சியில் துளை போட்டுப் பாறை தண்ணீரைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு டிரில்லிங் ரிக் மேலே ஏற வேண்டும். ரிக் ஏறுவதற்குச் சாலை வேண்டும். பதினொரு கிலோமீட்டர். அந்தச் சாலைதான் எங்கள் வேலை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கிராமம் இருந்தது. கல் வீடுகள் பதினைந்து இருக்கலாம். ஆடு வளர்ப்பவர்கள். சீக்கு வந்தால் கழுதைமேல் உட்காரவைத்து நாலு மணி நேரம் இறங்கி வருவார்கள். சாலை வரப்போகிறது என்பதில் அவர்களுக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கம்பெனியில் யாருக்கும் இருக்கவில்லை.

2. இலந்தை மரம்

ஏழாவது கிலோமீட்டரில் சாலை ஒரு வாதியைக் கடக்க வேண்டும். வாதி என்றால் மலையோடை. வருடத்தில் முந்நூற்று ஐம்பது நாளும் காய்ந்து கிடக்கும். நான் போன அன்றும் உருண்டைக் கற்களும் ஆட்டுப் புழுக்கையும்தான் கிடந்தன.

குறுக்குவெட்டு அளந்துகொண்டிருந்தபோது ராஷித் வந்தார். மேலே உள்ள கிராமத்துக்காரர். என் வயது, நாற்பதுக்குள் இருக்கும். ஒரு காலத்தில் ராணுவத்தில் லாரி ஓட்டியவர், அதனால் உடைந்த ஹிந்தி பேசுவார். நான் எங்கே ஆணி அடிக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் கரையோரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஓர் இலந்தை மரம். நம்மூர் இலந்தைதான், இன்னும் உயரமாக. என் தலைக்கு மேலே கையைத் தூக்கினாலும் எட்டாத கிளையில் காய்ந்த புல்லும் கயிற்றுத் துண்டும் ஒரு பிளாஸ்டிக் கேனும் சிக்கியிருந்தன.

“உதர் தக் பானி,” என்றார். அதுவரைக்கும் தண்ணீர்.

எப்போது என்று கேட்டேன். தன் மகன் பிறந்த வருடம் என்றார். அதற்கு முன்பு தன் அப்பா காலத்திலும் ஒரு தடவை வந்ததாம். உச்சியில் மழை பெய்தால் அரை மணி நேரத்தில் இங்கே வந்துவிடும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும் என்றார்.

மரத்தின் மேற்குப்பக்கக் கிளைகளிலும் அதே உயரத்தில் புல் சிக்கியிருந்தது. எதிர்க்கரைப் பாறையில் அதே மட்டத்தில் சேறு ஒட்டிய கோடு தெரிந்தது. டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை வைத்து மூன்றையும் பார்த்தேன். ஒன்றுக்கொன்று ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. படுகையிலிருந்து மூன்றரை மீட்டர். ஷீட்டில் ‘உச்ச வெள்ள மட்டம்’ என்று எழுதி, அளவைப் போட்டு, இனிஷியல் வைத்தேன்.

3. ரிவிஷன் பி

எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் வரதராஜன் சார். மெட்ராஸ்காரர். கெட்டிக்காரர். கெட்டவர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அப்பா இறந்தபோது ஒரே நாளில் எமர்ஜென்சி லீவு வாங்கிக்கொடுத்தவர். ஷீட்டைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

மூன்றரை மீட்டர் வெள்ளம் என்றால் அந்த இடத்தில் பாக்ஸ் கல்வெர்ட் கட்டியாக வேண்டும். கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக வைத்து, தண்ணீர் கீழே ஓட, சாலையை மேலே கொண்டுபோவது. நாலு மாதம் ஆகும். ஐரிஷ் கிராசிங் என்றால் மூன்று வாரம். படுகையோடு படுகையாகக் கான்கிரீட் தளம் போட்டுவிடுவார்கள். தண்ணீர் வந்தால் தளத்துக்கு மேலே ஓடும், வடிந்த பிறகு வண்டி போகலாம். ரிக்கை மேலே ஏற்றுவதாகக் கிளையண்ட்டுக்குச் சொல்லியிருந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

“இது யார் சொன்னது?” என்று கேட்டார்.

நானே அளந்தேன் என்றேன். மரத்தையும் பாறையையும் சொன்னேன். ராஷித்தையும் சொன்னேன். அவரைச் சொல்லியிருக்கக் கூடாது.

“ஆடு மேய்க்கிறவன் சொன்னான்னு டிராயிங்ல போட முடியுமா ஜெபசிங்? பிளாஸ்டிக் காத்துலயும் பறந்து மரத்துல மாட்டும். ரெக்கார்டு எதுவும் இல்ல. எண்பது சென்டிமீட்டர்னு போடுங்க, ரிவிஷன் பி-ன்னு குடுங்க.”

பாறையில் உள்ள சேற்றுக் கோடு காற்றில் பறந்து வராது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்த மாதம் என் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஊரில், தக்கலையில், வீடு கட்டும் வேலை பாதியில் நின்றது. இதையெல்லாம் இப்போது சாக்காகச் சொல்லவில்லை, அன்று மனதில் ஓடியதைச் சொல்கிறேன். அன்று சாயங்காலமே எண்பது சென்டிமீட்டர் என்று திருத்திய ஷீட்டை ரிவிஷன் பி என்று கொடுத்தேன். அதிலும் இனிஷியல் என்னுடையதுதான்.

4. முருகேசனின் டேங்கர்

ஏழாவது கிலோமீட்டரில் ஐரிஷ் கிராசிங் போட்டுச் சாலை திறந்தது. ரிக் ஏறியது. ரிக்குக்கும் மேலே உள்ள கேம்ப்புக்கும் தினமும் இரண்டு நடை தண்ணீர் கொண்டுபோனவன் முருகேசன். முதுகுளத்தூர்க்காரன், முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. தம்பி சவூதியில், ஜுபைலில் ஒரு பிளாண்ட்டில் ஃபிட்டராக இருந்தான். ஊரில் அம்மா மட்டும்.

முருகேசன் எதையும் மெதுவாகச் செய்பவன். கேம்ப் மெஸ்ஸில் கடைசியாக எழுந்திருப்பவன் அவன்தான். மலைப்பாதையில் அவன் ஓட்டுவதைப் பார்த்து மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடிப்பான், முதல் கியரிலேயே இறங்குவான். திரும்பி வரும்போது டேங்கில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கிராமத்துத் தொட்டியில் விட்டுவிட்டு வருவான். கம்பெனிக்குத் தெரியாது. ராஷித்தின் தம்பி மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது அவளையும் ஒரு கிழவியையும் கேபினில் ஏற்றிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவன்தான். பெண் குழந்தை. அதற்குப் பிறகு அந்த ஊரில் அவனை டீ குடிக்காமல் இறங்க விடமாட்டார்கள்.

5. பிப்ரவரி

நான் அன்று காலை மூன்றாவது கிலோமீட்டரில் சாலை ஓரம் லெவல் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். தலைக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. உச்சியில் மட்டும் கருமேகம் இறங்கியிருந்தது. பத்து மணி வாக்கில் முருகேசன் லோடுடன் வந்து என் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான்.

“அண்ணே, மேல கருகருன்னு இருக்கே. போகலாமா?”

வரதராஜன் சாரிடம் கேட்டாயா என்றேன்.

“கேட்டேண்ணே. ரிக் நிக்குது, வெரசா போயிட்டு வந்துருன்னாரு.”

மூன்றரை மீட்டர் என்பது கம்பெனியில் வரதராஜன் சாரை விட்டால் என் ஒருவனுக்குத்தான் தெரியும். போகாதே, கொஞ்ச நேரம் இங்கேயே நில் என்று நான் சொல்லியிருக்கலாம். அவன் நின்றிருப்பான். மெதுவாகப் போகிறவனுக்கு நிற்க ஒரு வார்த்தை போதும். ஆனால் அப்படிச் சொன்னால் ஏன் என்று கேள்வி வரும். ஏன் என்று சொன்னால் ரிவிஷன் பி வரும்.

“பாத்துப் போடே,” என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு முதல் கியரில் கிளம்பினான்.

முக்கால் மணி நேரத்துக்குள் சத்தம் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுவது போன்ற சத்தம், ஆனால் நிற்காமல். அப்போதும் எனக்கு வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. பிக்அப்பில் ஏறிப் போனேன். கிராசிங் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் கற்களை உருட்டிக்கொண்டு ஓடியது. இலந்தை மரத்தின் மேல் கிளைகள் மட்டும் தெரிந்தன. டேங்கரைக் காணவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். கண்டெடுத்தவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை. ராஷித்தும் கிராமத்து ஆட்களும் விடிந்ததிலிருந்து வாதியோடு இறங்கித் தேடியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு கம்பளியால் அவனை மூடி, வெயில் படாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ராஷித் என்னைப் பார்த்தார். ஏன் இப்படி என்று கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

6. நான்கு பலகைகள்

மூன்றாம் நாள் வரதராஜன் சார் என்னைச் சைட்டுக்கு வரச்சொன்னார். முகம் வெளிறியிருந்தது, ஷேவ் செய்திருக்கவில்லை. கிராசிங்கின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு எச்சரிக்கைப் பலகை, நடுவில் வெள்ள மட்டம் காட்டும் இரண்டு கம்பம். அவற்றுக்கு இடம் குறித்துக்கொடுக்க வேண்டும். மதியத்துக்குள் பலகைகள் வந்துவிடும் என்றார்.

இப்போது எதற்கு சார் என்று கேட்டேன்.

“இப்ப இல்ல. ரோடு திறந்தப்பவே வெச்சது. ஆஸ்-பில்ட் டிராயிங்ல அப்படித்தான் காட்டணும்,” என்றார். பிறகு, “மாட்டினா ரெண்டு பேருமே மாட்டுவோம் ஜெபசிங்,” என்றார்.

ஆஸ்-பில்ட் என்பது வேலை முடிந்த பிறகு உள்ளது உள்ளபடி காட்டும் வரைபடம். அதற்குத்தான் அந்தப் பெயர். நான் கருவியை வைத்தேன். ஆறு புள்ளிகளையும் மில்லிமீட்டர் சுத்தமாகக் குறித்துக்கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

விசாரணை அறிக்கை வந்தது. எச்சரிக்கைப் பலகையைப் பொருட்படுத்தாமல், அவசரப்பட்டு, ஓடும் நீரில் வாகனத்தைச் செலுத்தியதால் விபத்து. ஓட்டுநரின் கவனக்குறைவு.

முருகேசனின் தம்பி சேதுபதி ஜுபைலிலிருந்து எனக்குப் போன் செய்தான். அண்ணன் அடிக்கடி என் பெயரைச் சொல்லுமாம். அவனுக்கு அறிக்கையைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

“அண்ணே, எங்க அண்ணன் அவசரப்பட்டுச்சா? நீங்க சொன்னா நம்புறேன்.”

ஆஃபீஸ் கன்டெய்னரில் இருந்து பேசினேன். பக்கத்து மேசையில் ஆள் இருந்தது. இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“போர்டு இருந்துச்சு தம்பி,” என்றேன்.

அவன் சரிண்ணே என்று சொல்லி வைத்துவிட்டான்.

7. பிறகு

உச்சியில் போட்ட துளைகளில் தண்ணீர் நிற்கவில்லை. சுண்ணாம்புப் பாறை, உள்ளே முழுக்க வெடிப்பு. எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும் என்று ஜியாலஜிஸ்ட் எழுதினார். அடுத்த வருடம் திட்டத்தைக் கைவிட்டார்கள். ரிக் இறங்கியது, கேம்ப்பைப் பிரித்தார்கள். ஒரு பல்புகூட அந்த மலைத் தண்ணீரில் எரியவில்லை. வெள்ளம் அரித்த கிராசிங்கை ரிக் இறங்கும் வரை ஜல்லி கொட்டி ஒப்பேற்றியிருந்தார்கள்; அடுத்த மழையில் அதுவும் போனது, திரும்பக் கட்ட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. ஏழாவது கிலோமீட்டரோடு சாலை முடிந்துபோனது. அதற்கு மேலே கிராமத்து ஆட்களுக்குப் பழையபடி கழுதை. நான்கு பலகைகள் மட்டும் புதிது போல நின்றன.

எனக்கு சீனியர் சர்வேயர் என்று பதவி உயர்வு வந்தது. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். திரும்பிய வருடம் முதுகுளத்தூருக்குப் பஸ் ஏறினேன். சேதுபதி அங்கே ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். முதல் ஷீட்டில் எழுதியதையும், பிறகு மாற்றியதையும், பலகைகள் எப்போது வந்தன என்பதையும், அன்று காலை அவன் அண்ணன் என்னிடம் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் ஆணி வாங்க வந்த ஒருவரை அப்புறம் வரச்சொல்லி அனுப்பினான்.

“எங்கம்மா போன வருசந்தான் செத்துச்சு,” என்றான். “சாகுற வரைக்கும், அவசரக்காரப் பய, அந்தப் போர்ட நின்னு பாத்திருந்தா வந்திருப்பானேன்னு அவனத் திட்டிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு நான்தான் அந்தப் போர்டப் பத்திச் சொன்னேன். நீங்க சொன்னீங்கன்னு.”

அவன் என்னை உட்காரச் சொல்லவில்லை. திரும்ப பஸ் ஏறிவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கருவியைச் சரியாக வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கற்றது வேறு. அளந்ததை மாற்றச் சொல்வார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள், நமக்கு நல்லது செய்தவர்களே சொல்வார்கள். மறுத்தால் வேலை போகலாம், எனக்கும் போயிருக்கும். போயிருந்தால் ஊரில் ஆறு மாதம் கஷ்டப்பட்டிருப்பேன், பிறகு வேறு கம்பெனி கிடைத்திருக்கும். அதை அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் பயந்ததெல்லாம் அந்த ஆறு மாதத்துக்குத்தான்.