ஹாரன் அடித்தால்தான் கிளம்பும்

காடாம்புலியூர் பள்ளிக்கு மாற்றல் வந்ததும் நான் செய்த முதல் காரியம், கார் ஓட்டக் கற்றுக்கொண்டது. அடுத்த காரியம், என் சொந்தச் சம்பளத்தில் ஒரு பழைய கார் வாங்கியது. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், பிரேயர் முடிந்த பிறகு உள்ளே நுழைந்து, தலைமையாசிரியையின் முறைப்பை வாங்கி வாங்கி எனக்கு வெறுத்துப்போயிருந்தது. கார் வந்த பிறகு நான் நினைத்த நேரத்துக்குக் கிளம்பினேன். முந்திரித் தோப்புகள் ஆரம்பித்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு வாய்விட்டுப் பாடுவேன். கேட்பதற்குத்தான் ஆளே கிடையாதே!

ஒரே ஒரு வியாதி. சாவியைத் திருகினால் வண்டி கிளம்பாது. முதலில் ஹாரன் அடிக்கும். நான் கை வைக்கவே மாட்டேன், அதுவாகவே "பாஆஆம்" என்று மூச்சு முட்ட அலறும். அலறி ஓய்ந்த பிறகுதான் இஞ்சின் உயிர் பெறும். விற்றவர் மறைக்கவெல்லாம் இல்லை. எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில், கரி அள்ளிப்போகும் கன்வேயர் பெல்ட் பிரிவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர் அவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சேத்தியாத்தோப்புப் பக்கம் சொந்த ஊருக்குப் போகும் அவசரத்தில், "ஹாரன் அடிச்சாத்தான் கெளம்பும் டீச்சர், அது அப்படித்தான்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். பழைய வண்டி, எங்கேயோ வயர் உரசுகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரர் விடவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து அவர் கண்ணை மூடுகிற நேரமும் நான் பள்ளிக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்று. ஒருநாள் எங்கள் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்தது. "நானும் மனுஷன்தாங்க. நானும் தூங்கணுங்க." அழாத குறை. அதைக் கேட்ட என் கணவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணு. இல்லைனா வித்துடலாம். மானம் போகுது."

"உங்க மானம் என் ஹாரன்லயா இருக்கு?"

"ஏன், பஸ் இல்லாமயா போச்சு?"

பஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கிழமை பாருங்க!" என்று வீம்புக்குச் சவால் விட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா, மாட்டிக்கொண்டேன்.

கடைத்தெருவில் இருக்கும் கார் எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டேன். அவர் டேஷ்போர்டைக் கழற்றிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டுச் சுவருக்குள் ஓடவேண்டிய வயரெல்லாம் உள்ளே ஓடியது. ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் முறுக்கிய செம்புக் கம்பி. ஒட்டுக்கு மேல் ஒட்டு, டேப்புக்கு மேல் டேப். டிரைவர் சீட்டுக்கு அடியில் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிய ஒரு பெட்டி.

"டீச்சர், இது காரா, கரண்ட் ஆபீஸா?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெட்டியைப் பிடுங்கினார். சாவியைத் திருகினோம். ஹாரன் அடிக்கவில்லை. ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! வண்டியும் கிளம்பவில்லை. டொக்கென்று ஒரு சத்தம்கூட இல்லை. அவர் எந்தெந்த வயரையோ தொட்டுப் பார்த்து, கடைசியில் கையை விரித்துவிட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினோம். என் கணவர் பஸ் நேரத்தைப் பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கிற மாதிரி.

விடுவேனா? சனிக்கிழமை சாயங்காலம் விற்றவருக்குப் போன் போட்டேன். "அண்ணே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று ஆரம்பித்து, வகுப்பில் பிள்ளைகளைத் திட்டுவதற்கு வைத்திருக்கும் அத்தனையையும் அவர் தலையில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"பொட்டிய கழட்டிட்டாங்களா?"

"கழட்டிட்டாங்க."

"காலைல வந்துடறேன் டீச்சர்."

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். காபியைக்கூடத் தொடாமல் சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். "சொரங்கத்துல பெல்ட் ஓட்றதுக்கு முன்ன சைரன் அடிக்கும் இல்லீங்களா? பக்கத்துல எவனாவது நின்னுகினு இருந்தா வெலகிடணும்னு. சைரன் அடிக்காம பெல்ட் ஓடவே ஓடாது. அதே மாதிரி இதுக்கும் கட்டி வுட்டேன்."

"அண்ணே, இது காரு! பெல்ட் இல்ல!"

என் கணவர் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு டெஸ்டரைக் கீழே வைத்தார்.

"எம்பேத்திக்கு அப்ப ரெண்டு வயசு. வண்டிக்குப் பின்னால குந்திகினு மண்ணுல வெளையாடிகினு இருந்துருக்குது. நான் பாக்கல. பின்னால எடுக்கணும்னு சாவியத் திருவுறேன், கெளம்பல. பேட்டரி எறங்கிப்போச்சு. சனியன் புடிச்ச வண்டினு திட்டிகினே எறங்குறேன், பார்த்தா டயருக்குப் பக்கத்துல புள்ள." கீழே வைத்த டெஸ்டரை எடுத்துத் துடைத்தார். "பேட்டரி நல்லா இருந்திருந்தா?"

என் கணவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் நான் பிடிவாதக்காரி. அன்று ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் பஸ். "எல்லாத்தையும் எடுத்துடுங்கண்ணே" என்றேன். சொல்லும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை. அவர் மறுபடி சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். கண்ட வயரையெல்லாம் வெட்டி எடுத்தார், முறையான ஃபியூஸ் போட்டார், அந்தப் பெட்டியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். சாவியைத் திருகியதும் வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. சாப்பிட்டுவிட்டு மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

"சரி, வண்டி இருக்கட்டும்" என்றார் என் கணவர். ஜெயித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டேன். கை திருக மாட்டேன் என்றது. வண்டியை விற்ற அந்த மனுஷனை மனதுக்குள் நன்றாகத் திட்டிவிட்டு இறங்கினேன். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த புடவையோடு தரையில் மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தேன். சருகுகள்தான் கிடந்தன. திரும்ப ஏறினேன். அப்போதும் முடியவில்லை. உள்ளங்கையை ஹாரனில் வைத்து, என் மூச்சு தீரும்வரை அழுத்தினேன்.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. தூக்கக் கலக்கத்தோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இன்னும் சரியாவலீங்களா டீச்சர்?"

"சரியாயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினேன்.