சவரி எழுதின நம்பர்

ஆமா, ரெண்டு வண்டி நின்னுச்சு. ரெண்டுல ஒண்ணைப் பிடிச்சது நான்தான். சாமராஜநகர்ல இருந்து மைசூருக்கு முப்பத்தெட்டு மைல். அதுக்கு எப்படிடா அஞ்சு மணி நேரம் ஆச்சுன்னு எல்லாரும் கேக்குறீங்க. நம்ம மாதா கோயில் சங்கத்துல கேட்டீங்க, கல்லறைத் தோட்டத்துல கேட்டீங்க, சும்மா சைக்கிள்ல போறவனை நிறுத்திக் கேட்டீங்க. நான் ஏதோ சொல்லி நழுவிட்டேன். இப்போ நம்ம கையெழுத்துப் பத்திரிகையில சவரியைப் பத்தி எழுதுன்னு சொல்லிட்டீங்க. "நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா"ன்னார் செயலாளர். எனக்கு நல்லதா எழுத வராது. நடந்ததை எழுதறேன்.

சேதி எனக்கு ஆஸ்பத்திரி கேட்ல வந்துச்சு. ஆபரேஷன் ஆகி மூணாம் நாள் காலையில. மார்க்கெட்ல சாத்துக்குடி வாங்கிட்டு கொஞ்சம் தெம்பாத்தான் வந்தேன். முந்தின சாயங்காலம் சவரி கண்ணைத் திறந்து, "என்னடா காலேஜு, மூஞ்சி கழுவலியா"ன்னு கேட்டிருந்தான். வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார். "மேல போகாத தம்பி. உன் கூட்டாளி விடியக்காலையில போயிட்டான். அவன் அக்கா பக்கத்துலதான் இருக்காங்க." என்ன பண்றதுன்னு தெரியாம சாத்துக்குடியை அவர்கிட்ட நீட்டினேன். அவர் வாங்கி ஸ்டூல் மேல வெச்சார். அப்போ ரோட்ல ஒரு கார் போச்சு. நான் திரும்பி அதோட நம்பரைப் படிச்சேன். சத்தியமா படிச்சேன். அப்படி ஒரு பழக்கம் எங்க ரெண்டு பேருக்கும்.

சவரிமுத்துவை உங்கள்ல சில பேருக்கு கோயில் பாட்டுக்குழுவுல மட்டும்தான் தெரியும். தொழில் அவனுக்கு பெயிண்ட். தேவராஜ மொஹல்லாவுல கடைப் பலகை எழுதுவான். அதைவிட அதிகமா கார் நம்பர் எழுதுவான். புதுசா வண்டி வாங்கினவங்களும், வெளியூர் வண்டியை இங்க கொண்டு வந்தவங்களும் ஆபீஸ்ல நம்பர் வாங்கிட்டு நேரா அவன்கிட்டதான் வருவாங்க. என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். நான் இண்டர்மீடியட்டைப் பாதியில விட்டுட்டு ஊரைச் சுத்திக்கிட்டு இருந்தேன். "எந்த வேலையும் இல்லாதவன் ஒரு வேலை பண்ணு, அந்தப் பலகை காயற வரைக்கும் ஈ உக்காராம பார்த்துக்கோ"ன்னான். அன்னைக்குச் சேர்ந்தோம்.

தசரா வந்தா ஸ்டேஷன் ரோட்ல ஒரு மதில் மேல ஏறி உக்காந்துடுவோம். ராஜாங்க, ஜமீன்தாருங்க, எஸ்டேட் துரைங்க எல்லாரோட காரும் அந்த வழியாத்தான் வரும். எந்த வருஷத்து வண்டின்னு யார் முதல்ல சொல்றதுன்னு போட்டி. நான் ஒரு நோட்டு வெச்சிருந்தேன். எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் எந்த வருஷம் குடுத்தாங்கன்னு அட்டவணை. சின்ன நம்பர்னா பழைய வண்டி, நாலு இலக்கம்னா புதுசு. காலேஜ்ல படிச்சதைவிட அதைத்தான் ஒழுங்காப் படிச்சேன். சவரிகிட்ட நோட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

ஒருதடவை பளபளன்னு ஒரு வண்டி வந்து ஹோட்டல் வாசல்ல நின்னுச்சு. "போன வருஷம்!"னு கத்தினேன். "போடா, நீ டவுசர் போட்டிருந்த காலத்துல ஓடின வண்டி"ன்னான். நான் நோட்டைக் காட்டினேன். அவன் மதில்ல இருந்து குதிச்சுப் போய் நேரா வண்டிக்கு அடியில படுத்துட்டான். டிரைவர் பாதிக் கன்னடத்துல கத்திக்கிட்டு ஓடி வந்தார். "ஏய்! யாரோ நீனு? அடியில என்ன பண்றே?"

"பூஜை பண்றேன் சாமி. அம்மாவுக்கு வயசு எத்தனை?"

டிரைவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஊட்டியில ஒரு துரைகிட்ட பத்துப் பன்னெண்டு வருஷம் ஓடின வண்டியாம். போன வருஷம்தான் மைசூருக்கு வந்து இங்கத்து நம்பர் வாங்கியிருக்கு. சவரி முதுகுல மண்ணோட வந்து உக்காந்தான். "நம்பர் என்ன சொல்லும்? வண்டி நம்ம ஊருக்கு வந்த தேதியைச் சொல்லும். பொறந்த தேதி வேணும்னா சக்கரத்தைப் பாருடா, காலேஜு. மரக்கட்டை ஆரக்கால்னா கிழவி, கம்பின்னா நடு வயசு, தகடுன்னா புதுசு. பெயிண்ட் அடிச்சு எதை வேணா மறைக்கலாம், ஆரக்காலை மறைக்க முடியாது." எனக்குத் தோத்தது பிடிக்கல. அதை நோட்டுல எழுதிக்கல.

அவன் யாருக்கும் பயப்படமாட்டான். மண்டி மொஹல்லாவுல ஒரு மண்டிக்காரர், புதுசாக் கார் வாங்கினவர், கடைக்கு வந்து குசுகுசுன்னு கேட்டார். "கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் சின்னதா, மங்கலா எழுதேன்பா. பார்க்கறவங்களுக்கு மூணு இலக்கமாத் தெரியணும். எங்க வீட்ல அப்பா காலத்துல இருந்தே கார் இருக்குன்னு நினைப்பாங்க." சவரி பிரஷ்ஷை வாயில இருந்து எடுத்தான். "வண்டி பழசாகணும்னா ஓட்டுங்க சாமி. தானா ஆகும்." அவர் முறைச்சுட்டு நின்னார். ஆனா நம்பரை அவன்கிட்டதான் எழுதிக்கிட்டுப் போனார்.

இப்போ சாமராஜநகர். அங்க ஒரு பழைய எஸ்டேட்காரர் வீட்டுக் கொட்டகையில ஒத்தை இலக்க நம்பரோட ஒரு கார் கிடக்குன்னு லாரிக்காரர் ஒருத்தர் சொல்லியிருந்தார். மைசூர் நம்பர்ல ஒத்தை இலக்கம் நாங்க ரெண்டு பேரும் கண்ணால பார்த்ததே இல்ல. ஞாயித்துக்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பினோம். ஸ்டேஷன்லயே அவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். மூஞ்சி வெளுத்திருந்துச்சு. என்னடான்னேன். நேத்துச் சாப்பிட்டது சேரலன்னான். நான் திரும்பிப் போலாம்னு ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. "ஒத்தை இலக்கம்டா"ன்னான். எனக்கும் பார்க்கணும்னு ஆசை. ஏறிட்டோம்.

கார் இருந்துச்சு. சீட்டுல கோழி அடை காத்துக்கிட்டு இருந்துச்சு. நம்பர் பலகை முன்னாடி சவரி குனிஞ்சு, எழுத்தை விரலால தடவினான். "யாரோ தெரியல, என்னைவிட நல்லா எழுதியிருக்கான்"ன்னான். அவன் வாயில இருந்து அப்படி நான் கேட்டதே இல்ல. அப்புறம் கார் படியில உக்காந்தான். எழுந்திருக்க முடியல.

டிஸ்பென்சரி டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்தார். சவரி கத்தின கத்தல்ல கம்பவுண்டர் வெளிய வந்துட்டார். குடல்வால் வீங்கியிருக்கு, எப்போ வேணா வெடிக்கும், ஆபரேஷன் மைசூர்லதான், இப்பவே கிளம்புன்னார். மணி ஒண்ணு. ரயில் போயாச்சு, அடுத்தது சாயங்காலம். நான் பஸ் நிக்கிற இடத்துக்கு ஓடினேன்.

அங்கதான் ரெண்டு டாக்ஸி. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது, ரெண்டுமே பின்னாடி கரி அடுப்பு மாட்டி, அந்தப் புகையில ஓடற வண்டிதான். ஒண்ணு மூணு இலக்க நம்பர், மட்கார்டு நசுங்கி, பார்க்கவே பாவமா இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல ஒரு பாய் பீடி குடிச்சுக்கிட்டு இருந்தார். இன்னொண்ணு நாலு இலக்கம், போன வருஷத்து நம்பர், பச்சைப் பெயிண்ட் மின்னுது. ரெண்டு நம்பரையும் படிச்சேன். அட்டவணை மனப்பாடம். பாயை விட்டுட்டு பச்சை வண்டிக்குப் போனேன். யோசிக்கவே இல்ல. புது வண்டி, வேகமாப் போகும். அவ்வளவுதான். குனிஞ்சு சக்கரத்தைப் பார்க்கல.

பச்சை வண்டி டிரைவர் நல்ல பையன்தான். "ஒன்றரை மணி நேரம் சார், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள"ன்னான். டிஸ்பென்சரி வாசல்ல வண்டியை நிறுத்தி, சவரியைத் தூக்கிப் பின் சீட்டுல போட்டோம். அவன் கண்ணைத் திறக்கற நிலைமையில இல்ல. பத்து மைல் போயிருக்கும். ஒரு மேடு. வண்டி இருமிச்சு, உதறிச்சு, நின்னுடுச்சு. டிரைவர் அடுப்பைக் கிளறினான், கரி போட்டான், விசிறினான், ஹாண்டில் போட்டுச் சுத்தினான். நானும் சுத்தினேன். உள்ளங்கை தோல் உரிஞ்சு வந்துச்சு. வண்டிக்குள்ள அனல். சவரியைத் தூக்கி வண்டிக்குப் பின்னாடி புளிய மரத்து நிழல்ல படுக்க வெச்சேன். என் சட்டையை மடிச்சுத் தலைக்கு வெச்சேன். அவனுக்கு நேரா வண்டியோட நம்பர் பலகை.

சவரி கண்ணைத் திறந்து அதையே பார்த்தான். "டேய், இது நான் எழுதினது."

"எதுடா?"

"இந்த நம்பர். ரெண்டாவது எழுத்துல வால் வெச்சிருக்கேன் பாரு. திருச்சிராப்பள்ளிப் பக்கம் இருந்து வந்த வண்டி. எழுதும்போதே சொன்னேன் வாங்கினவர்கிட்ட, எஞ்சின்ல ஒண்ணும் இல்ல சாமின்னு." மூச்சு வாங்கிச்சு. "ஆரக்காலைப் பாரு."

பார்த்தேன். மரக்கட்டை ஆரக்கால். வெள்ளி பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க.

"பிடிக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட நம்பரைச் சொல்லியிருக்கலாம்ல? நான் டிஸ்பென்சரியிலதான படுத்திருந்தேன்"ன்னான். திட்டல. சும்மா கேக்கற மாதிரி கேட்டான். பஸ் நிக்கிற இடத்துல இருந்து டிஸ்பென்சரி கூப்பிடு தூரம். அவனைக் கேக்கணும்னே எனக்குத் தோணல. இந்த ஒரு விஷயத்துல எனக்கும் எல்லாம் தெரியும்னு நினைச்சேன். அப்புறம் அவன் சிரிக்கப் பார்த்தான், வலி விடல. "வால் நல்லா வந்திருக்குடா"ன்னான்.

மைசூர்ல எந்த வீட்ல எந்தக் கார், எந்த வருஷத்து வண்டின்னு நூத்துக்கணக்குல ஒப்பிப்பேன். அந்த ரோட்ல ஒண்ணு வரல. மாட்டு வண்டி வந்துச்சு. மூணு மணி நேரம். ஒருதடவை தண்ணி கேட்டான், டாக்டர் குடுக்காதேன்னு சொல்லியிருந்தார், குடுக்கல.

கடைசியில ஒரு கார் மேடு ஏறி வந்துச்சு. மூணு இலக்கம். நசுங்கின மட்கார்டு. உள்ள நஞ்சனகூடு கோயிலுக்குப் போற ஒரு குடும்பம், ஆறு பேர், தேங்காய் மூட்டை. பாய் இறங்கிச் சவரியைப் பார்த்தார். திரும்பிப் போய்க் கதவைத் திறந்தார். "எல்லாரும் இறங்குங்கம்மா. நஞ்சுண்டேஸ்வரன் ஓடிப் போயிட மாட்டார்." அந்தம்மா முணுமுணுக்காம இறங்கினாங்க. அவங்க வீட்டுக்காரர்தான் சவரி காலைப் பிடிச்சுத் தூக்கினார்.

போற வழியில பாய் கண்ணாடியில என்னைப் பார்த்தார். "நீதானே மத்தியானம் வந்து என் நம்பரைப் படிச்சுட்டுத் திரும்பிப் போனே?"

"ஆமா பாய்."

"படிச்சவன்னு நினைச்சேன்." அந்தப் பழைய வண்டி ஒரு இடத்துல கூட இருமல. இருமியிருந்தா தேவலைன்னு கூடத் தோணுது. இது என்ன புத்தின்னு தெரியல.

ஆஸ்பத்திரி வரும்போது மணி ஆறு. லூர்தக்கா, அதான் சவரியோட அக்கா, அங்கதான் நர்ஸ். டூட்டியில இருந்தாங்க. தம்பி சட்டையை அவங்கதான் கத்திரியால வெட்டி எடுத்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சு பெரிய டாக்டர் வெளிய வந்தார். வழியிலயே வெடிச்சுடுச்சுன்னார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சேன். "அதை என்கிட்ட கேக்காதப்பா"ன்னு சொல்லிட்டு நடந்துட்டார்.

அடக்கம் ஆன அன்னைக்கு அக்கா எல்லாருக்கும் முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நீ இல்லேன்னா அவன் அந்த ஊர்லயே போயிருப்பான். மூணு நாள் முகத்தைப் பார்க்கக் குடுத்தியே, அது போதும்டா"ன்னாங்க. உங்கள்ல பாதிப் பேர் பக்கத்துல நின்னீங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நீங்க அதை அழுகைன்னு நினைச்சீங்க. ரெண்டு நாள் கழிச்சு அவனோட பிரஷ் பெட்டியைக் கொண்டு வந்து குடுத்தாங்க, வேற யாருக்கு இதோட அருமை தெரியும்னு. வாங்கி வெச்சிருக்கேன். திறக்கல.

அவனைப் பத்தி என்கிட்ட மிச்சம் இருக்கறது என்னன்னு கடைசியில எழுதணுமாம், செயலாளர் சொன்னார். பெட்டி என்னோடதான்னு எனக்கே தெரியல. நோட்டை அடுப்புல போட்டுட்டேன். அந்தப் புளிய மரத்தடியில அவன் கேட்ட கேள்வி இருக்கு. இப்பவும் ரோட்ல கார் வந்தா கண்ணு நம்பருக்குத்தான் போகுது, அதை நிறுத்தவும் தெரியல.

பத்திரிகை ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கைமாறும். முதல்ல வாங்கிப் படிக்கறது லூர்தக்காதான், தம்பியைப் பத்தி எழுதியிருக்கேன்னு அவங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் சொல்லாம விட்டா நான் இதைவிடக் கேடுகெட்டவன், அதுக்கு முன்னாடி நானே நேர்ல சொல்லிடணும். அவங்க டூட்டி அரை மணியில முடியுது. பெட்டியையும் எடுத்துக்கிட்டேன். என்ன சொல்வாங்களோ தெரியல. இப்போ போகணும், போறேன்.