சாம்பலும் சல்பேட்டும்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சாமியையே அரை மனதாகத்தான் கும்பிடுகிறேன். அப்படிப்பட்டவன், செத்துப்போன அம்மாவுக்காக வாராவாரம் பாரோய் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் புக்கிட் பெலண்டோக் வரை போய்வந்தேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அம்மா போன துக்கத்தில் ஒரு வருடம் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. அடுத்த பொங்கலுக்குச் சொந்தக் கரும்பு வேண்டும் என்று, புக்கிட் பெலண்டோக்கில் இருக்கும் என் மனைவியின் தம்பி வீட்டுக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் ஓரமாகக் கொஞ்சம் நட்டேன். அவன் எஸ்டேட்டில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். உரம் எப்படிப் போடுவது என்று சொல்ல வந்தான். எனக்கு ரோஷம். காலமெல்லாம் எஸ்டேட்டில் உரம் போட்டவள் பெற்ற பிள்ளைக்கு இவன் பாடம் எடுப்பதா? செம்பனை மட்டைகளை எரித்த சாம்பலையும் சல்பேட் உரத்தையும் ஒரே வாளியில் கலந்து கரும்புத் தூரில் போட்டேன்.

தூறல் விழுந்தது. சுருக்கென்று ஒரு வாடை மூக்கில் ஏறியது. அம்மா பின்னால் நிற்கிறாள் என்று தெரிந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

அது அவள் கையின் வாடை. வேலை முடிந்து வந்ததும் எஸ்டேட் லயத்துக் குழாயடியில் குந்தி, உரம் ஒட்டிய கையை அடுப்புச் சாம்பலால் தேய்ப்பாள். நான் போய் முதுகில் சாய்வேன். "தள்ளி நில்லுடா, கண்ணு எரியும்" என்பாள். நான் தள்ளி நின்றதே இல்லை.

அதன் பிறகு சனிக்கிழமை ஆனால் வாளியும் கையுமாகப் போய்விடுவேன். சில நாள் வருவாள், சில நாள் வரமாட்டாள். கரும்பு மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. மச்சினன் ஒருநாள் தூரைக் கிளறி முகர்ந்து பார்த்தான்.

"ரெண்டையும் ஒண்ணாவா கலந்தீங்க மச்சான்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"சாம்பலு பட்டா சல்பேட்டுல உள்ள சத்து வாடையா கெளம்பி காத்துல போயிடும்லா. கரும்புக்கு என்னா சேரும்? கண்ணு எரியல?"

எரிந்தது என்றேன். அம்மாவுக்கு இரண்டாம் முறை கொள்ளி வைத்துவிட்டானே என்று அவன் மேல் ஆத்திரமாக வந்தது. அவன் பாவம், கரும்பைத்தான் பார்த்தான்.

பொங்கலுக்குக் கரும்பு வேண்டும். அவன் சொன்னபடி செய்தேன். மக்கிய கோழி எரு, பிறகு சல்பேட் மட்டும், சாம்பல் வெகுநாள் கழித்துத் தனியாக. கரும்பு கறுகறுவென்று எழுந்தது. தூறலில் சட்டை நனைய நின்று பார்த்தேன். கோழி வாடைதான் வந்தது. அம்மா வரவில்லை. கரும்பைப் பார்த்தால் வயிறு எரிந்தது.

பொங்கலன்று பானைக்கு இருபுறமும் அந்தக் கரும்பைத்தான் கட்டினோம். நல்ல இனிப்பு என்று எல்லோரும் கடித்துத் துப்பினார்கள். நான் பொங்கல் அடுப்பிலிருந்து ஆறிய சாம்பலில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வீட்டுப் பின்புறக் குழாயடிக்குப் போனேன். பையில் கொஞ்சம் சல்பேட் பொட்டலமாக இருந்தது. குந்தி உட்கார்ந்து, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.

வந்துவிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது.

"எரியட்டும்மா" என்றேன். தள்ளி நிற்கவில்லை.